ஆர்க்டிக் சாமி

தம்பிராஜாவுக்குப் பொய் சொல்ல வராது என்று மலாக்காவில் எங்கள் காஜா பேராங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாராட்டாகச் சொல்வதில்லை. பொய் சொல்கிறவன் முதலில் யோசிப்பான், பிறகு வாயைத் திறப்பான். இவன் வாயைத் திறந்துவிட்டு அப்புறம் யோசிப்பான். அப்படித்தான் ஒரு நாள் காலையில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, புதுச் சாமி ஒன்றை உண்டாக்கிவிட்டான்.

அவன் ஐஸ் கடைக்கு நேர் எதிர்வீடு என் வீடு. நான் ஒன்றும் வேண்டுமென்று பார்ப்பதில்லை. வாசலைப் பெருக்கினால் கண்ணில் படுகிறது, என்ன செய்வது. அன்று மூன்றாம் தடவையாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தாகிவிட்டது. அடுத்தது கடைப் பலகை. ஒவ்வொரு கடைக்காரனும் தன் கடைப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். அதை அவர்கள் நிப்போன் எழுத்தில் எழுதிப் புது லைசென்ஸ் தருவார்கள். வெள்ளைக்காரன் பெயரும், அர்த்தம் சொல்ல முடியாத பெயரும் அடிபடும். பெயர் அடிபட்டால் கடை போயிற்று. கடை போனவன் வேலையில்லாதவன். வேலையில்லாதவனைத் தேடி லோரி வரும், லோரி ஏறினவன் சயாமில் ரயில் பாதை போடப் போவான். அதற்கு முந்தின மாதம் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு லோரி நிறையப் போனார்கள். ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை. ஆகவே பலகை விஷயத்தைச் சிரிப்பாக நினைக்க யாருக்கும் தைரியமில்லை. நான்கூட வாயை மூடிக்கொண்டுதான் பெருக்கினேன்.

பண்டார் ஹிலிர் ஆபீசிலிருந்து ஜப்பான் அதிகாரி ஒருவர் சைக்கிளில் வந்தார். நாற்பது வயது இருக்கும். உடைந்த மலாய் பேசுவார், நாங்கள் துவான் என்று கூப்பிட வேண்டும். கத்துகிற ரகமில்லை, அதனாலேயே அதிகம் பயமாக இருந்தது. முதலில் சேதுபதியின் சாப்பாட்டுக் கடை. பலகையில் மாரியம்மன் பெயர். "சாமி பெயர், துவான்" என்றான் சேதுபதி. அதிகாரி உள்ளே போய்ப் படத்தைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கிவிட்டு எழுதிக்கொண்டார். பக்கத்து மளிகைக் கடை முருகன் பெயர். அங்கேயும் அப்படியே. மூன்றாவது தம்பிராஜா.

அவன் பலகையில் இருந்தது ஆறு பித்தளை எழுத்து. ஆர்க்டிக் என்று இங்கிலீஷில். சண்டைக்கு முந்தி வெள்ளைக்காரர்கள் கிளப்பில் பழைய ஐஸ் பெட்டி ஒன்றைத் தள்ளிவிட்டார்கள், இவன் வாங்கி வந்தான். மூடியில் பதித்திருந்த எழுத்துகள் பளபளவென்று இருந்ததால் திருகாணியைக் கழற்றி எடுத்துப் பலகையில் அடித்துவிட்டான். என்ன அர்த்தம் என்று பெண்டாட்டி நாகம்மா கேட்டதற்கு, ஐஸுக்கு இங்கிலீஷ் என்றானாம். அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

"இது என்ன பெயர்?" என்றார் அதிகாரி.

முன்னால் இரண்டு பேர் தப்பித்த வழி கண்முன்னால் இருந்தது. தம்பிராஜா அதிலேயே நுழைந்தான். "சாமி பெயர், துவான்."

"எந்தச் சாமி?"

"ஆர்க்டிக் சாமி. எங்க குலசாமி."

என் கையில் இருந்த துடைப்பம் நின்றுவிட்டது. அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரில் பழைய காலண்டர் ஒன்றும் அவன் சட்டையும்தான் தொங்கின.

"படம் எங்கே?"

"இங்க இல்ல, துவான்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். சாமியைக் காட்டு. பார்த்த பிறகு எழுதுகிறேன்." மரியாதையாகத்தான் சொன்னார். சைக்கிள் திரும்பிப் போயிற்று.

தம்பிராஜா பெஞ்சில் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

நாகம்மா மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக இருக்கும் செட்டிக் குடும்பங்களில் பிறந்தவள். சாமியெல்லாம் நம் சாமி, பெயரெல்லாம் நம் பெயர், பேச்சு மட்டும் அவர்களுடைய மலாய். தமிழில் சோறு, தாலி, வா, போ, அப்புறம் இரண்டு மூன்று திட்டு, அவ்வளவுதான் வரும். புருஷனை அபாங் என்பாள். எங்களோடு அவள் பேசுவதெல்லாம் மலாய்தான், நான் தமிழாக்கிச் சொல்கிறேன்.

"அபாங், ஏதாவது பேர் சொல்லணும்னா எங்க அப்பா பேரைச் சொல்லியிருக்கலாமே. அவர் செத்துப் போனவர், யாரும் காட்டுன்னு கேட்டிருக்க மாட்டாங்க."

"தோணல" என்றான் தம்பிராஜா.

அன்று மத்தியானம் கடைக்குள் தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு கருத்து. அது இங்கிலீஷ் ஜெனரல் ஒருவன் பெயர் என்றார் ஒருவர். அப்படியென்றால் ரயில் பாதைகூட இல்லை, கழுத்துதான் என்றார் இன்னொருவர். டின் பால் கம்பெனி என்று நான்கூட ஒரு யோசனை சொன்னேன். சேதுபதி வீட்டுக்குப் போய், கை உடைந்த பழைய மண் பொம்மை ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"கருப்பர் பொம்மை. சும்மாத்தான் கிடக்கு. வெள்ளையடிச்சு, ஆர்க்டிக்னு சொல்லிடலாம். ஐஸ் சாமி வெள்ளையாத்தானே இருக்கும்."

நாலு பேர் தலையாட்டினார்கள். நாகம்மா பொம்மையைத் துணியால் மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"இருக்கிற சாமிங்களே இந்த வருஷம் கோபமாத்தான் இருக்காங்க, சேதுபதி அண்ணே. இல்லாத சாமி ஒண்ண நான் வீட்டுக்குள்ள விடமாட்டேன். முதல்ல அந்த வார்த்தை என்னன்னு தெரிஞ்சுக்கணும். தெரிஞ்சா அதுக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி ஏதாவது சொல்லலாம்."

"யாரைக் கேப்பே?"

அவள் என்னைப் பார்த்தாள். தெருவில் எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் என்னைத்தான் பார்ப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, பெருமையும் உண்டு.

பொன்னுதுரை வாத்தியார் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். டை கட்டாமல் மீன் பாசாருக்குக்கூடப் போக மாட்டார். இப்போது கோழி வளர்த்து, மரவள்ளி நட்டு, சாயங்காலத்தில் எங்களோடு நிப்போன் வகுப்பில் உட்கார்ந்து தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்களைவிட அதிகமாகத் தப்புச் செய்கிறவர் அவர்தான், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் காரணம் கேட்பார்.

விஷயத்தைச் சொன்னதும் வாசலை எட்டிப் பார்த்தார். "அகராதியா? எங்கிட்ட இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுகூட இல்ல, பூங்காவனம். எல்லாத்தையும் எரிச்சாச்சு."

"வாத்தியாரே, உங்க சிவப்புக் கோழி எதுமேல உட்கார்ந்து அடைகாக்குதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் மறுபடி ஒரு தடவை வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு கூண்டுக்குள் கையை விட்டார். கோழி கொத்தியது. வைக்கோலுக்கு அடியிலிருந்து சாக்கில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்று வந்தது, மேலே கோழி எச்சத்தோடு. அவர் அதைத் துடைத்த விதத்தைப் பார்த்தால், பெற்ற பிள்ளையின் முகத்தைத் துடைக்கிறார் என்று சொல்லலாம்.

விரலால் தேடிப் படித்தார். படிக்கப் படிக்க முதுகு நிமிர்ந்தது. "ஆர்க்டிக்னா வடதுருவம். உலகத்தோட மேல் முனை. கடுங்குளிர். அங்க கடலே உறைஞ்சு ஐஸா கிடக்கும், அதுமேல நடந்தே போகலாம்."

"அப்ப அங்க ஐஸ் கடை வெக்க முடியாது" என்றாள் நாகம்மா.

"குளிருக்கு ஏன் அந்தப் பேரு வந்துச்சுன்னு போட்டிருக்கா?" என்றேன்.

"போட்டிருக்கு. கிரேக்க பாஷை. ஆர்க்டோஸ். அப்படின்னா கரடி."

சாமி போய்க் கரடி வந்துவிட்டது. பொம்மையே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

"அங்க கரடி நிறையவோ?" என்றாள் நாகம்மா, சன்னக் குரலில்.

"இருக்கு, வெள்ளைக் கரடி. ஆனா பேர் வெச்சவங்க அதைப் பார்த்ததே இல்ல. அவங்க பார்த்தது வானத்துல." ஒரு மரவள்ளிக் குச்சியை எடுத்து மண்ணில் ஏழு புள்ளி வைத்தார். நாலு புள்ளி கட்டில் மாதிரி, மூன்று புள்ளி வால் மாதிரி. "இந்த நட்சத்திரக் கூட்டத்தைக் கரடின்னு சொன்னாங்க. இது எப்பவும் வடக்கேதான் நிக்கும். அதனால வடக்குத் திசையே கரடித் திசை ஆச்சு. கரடிக்குக் கீழ இருக்கிற பூமி ஆர்க்டிக். அங்கிருந்து வர்ற குளிரும் ஆர்க்டிக். நாம வடக்கிலிருந்து வர்ற காத்தை வாடைன்னு சொல்றோமில்லையா, அந்த மாதிரி. திசையோட பேரு குளிரு மேல ஒட்டிக்கிடுச்சு."

வகுப்பு கிடைத்துவிட்டது, மனிதர் விடுவாரா. கிரேக்கர்கள் கதையையும் சொன்னார். ஒரு பெண் சாபத்தால் கரடியாகி வானத்துக்குப் போனாளாம். அங்கேயும் விடாமல், கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்று அவளுக்கு வேண்டாதவள் தடை வாங்கினாளாம்.

"குளிக்காம எப்படி இருப்பா?" என்றாள் நாகம்மா. அவளுக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

"அதாவது, அந்த நாட்டுல அது அஸ்தமிக்கிறதே இல்லைன்னு அர்த்தம், அம்மா."

"நம்ம மலாக்காவுல?"

வாத்தியார் யோசித்தார். "இங்க தினமும் அஸ்தமிக்கும்."

"நல்லவேளை. இங்கயாவது குளிக்கிறாளே."

வாத்தியார் சிரித்தார். குச்சியால் வால் நுனியிலிருந்து இரண்டாவது புள்ளியைத் தொட்டு, தம் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். "நம்ம ஆளுங்க இதே ஏழைத்தான் சப்தரிஷின்னு சொன்னாங்க. ஏழு முனிவர். இவர் வசிஷ்டர். இவர் பக்கத்துல ஒட்டினாப்பல, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம, அருந்ததி."

நாகம்மாவுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களைக் கொஞ்சம் முன்னால் சொன்னேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அருந்ததியா?" என்று குந்தி உட்கார்ந்துவிட்டாள். "தாலி கட்டின கையோட எனக்குக் காட்டினாங்களே, அதுவா? அது இந்தக் கரடி மேலயா இருக்கு?"

"அதேதான்."

"அப்ப அபாங் பொய் சொல்லல."

வாத்தியார் அகராதியை மூடினார். "பொய்யாத்தான் சொல்ல வந்தான். அதையும் சரியாச் சொல்லத் தெரியல."

வெள்ளிக்கிழமைக்குள் தெரு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அதிகாரி வந்தால் பொழுது சாய்ந்ததும் வானத்தைக் காட்டுவது. வைகாசி மாசம், இருட்டினதும் ஏழும் வடக்கே தெரியும் என்று வாத்தியார் சொன்னார். தெரியாமல் போனால்? அதற்கும் சேதுபதியிடம் வழி இருந்தது. "எல்லாருமா கையைக் காட்டித் தெரியுது தெரியுதுன்னு சொல்லுவோம். கல்யாணத்துல சொல்றதில்லையா?"

கல்யாணத்தில் அப்படித்தான் சொல்கிறோம். முகூர்த்தம் காலையில். பட்டப்பகல் வெயிலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெளியே நிறுத்தி, அதோ அருந்ததி, தெரிகிறதா என்பார்கள். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெரிகிறது என்பாள். இன்றுவரை தெரியவில்லை என்று சொன்ன பெண்ணை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதிகாரி சொன்னபடி வந்தார். மண்ணெண்ணெய் கிடைக்காத புண்ணியத்தில் தெரு நல்ல இருட்டு. கடைக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவே வெட்டவெளி ஒன்று இருக்கிறது, அங்கே அழைத்துப் போனான் தம்பிராஜா. எங்களுக்கும் அந்தப் பக்கம் எல்லோருக்கும் ஏதோ வேலை இருந்தது. நான் கோழியைத் தேடினேன். எனக்குக் கோழி கிடையாது.

தம்பிராஜா மனப்பாடம் செய்ததைச் சொன்னான். "வடக்கில ஏழு நட்சத்திரம், துவான். அதோட பேரு ஆர்க்டிக். நாங்க கும்பிடற ஏழு முனிவர். கூடவே ஒட்டினாப்பல சின்ன நட்சத்திரம், அருந்ததி."

அதிகாரி தலையைத் தூக்கினார். மேகம். வடக்கு முழுக்கக் கறுப்புப் போர்வை.

"எங்கே?"

"அதோ, துவான்" என்றான் சேதுபதி. உடனே எல்லாக் கைகளும் எழுந்தன. அதில்தான் வந்தது வினை. கையைக் காட்ட வேண்டும் என்று பேசினார்களே தவிர எந்தப் பக்கம் என்று பேசவில்லை. சேதுபதியின் விரல் புக்கிட் காதில் ஊர்ப் பக்கம் நீண்டது. மளிகைக்காரர் கடல் பக்கம். இன்னொருவர் நேராக உச்சந்தலைக்கு மேல். வாத்தியார் ஒருவர்தான் வடக்கே காட்டினார். நான் எந்தப் பக்கம் காட்டினேன் என்று இங்கே சொல்லத் தேவையில்லை.

அதிகாரி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். "எனக்கு மேகம் தெரிகிறது. உங்களுக்கு நட்சத்திரம் தெரிகிறதா?"

"தெரியுது, துவான்" என்றோம் ஒரே குரலில்.

அவர் முகம் மூடிக்கொண்டது. அதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பையிலிருந்து லைசென்ஸ் தாளை எடுத்தவர் அதை மறுபடி உள்ளே வைத்தார். தம்பிராஜாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"நீ பார்த்திருக்கிறாயா?"

தம்பிராஜா வாயைத் திறந்தான். அவன் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

"இல்ல, துவான்" என்றாள் நாகம்மா, அவனுக்கு முன்னால் வந்து. "இவர் பார்த்ததில்ல. நானும் பார்த்ததில்ல. இங்க நிக்கிற ஒருத்தரும் பார்த்ததில்ல."

சேதுபதி கையைக் கீழே போட்டான். மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக இறங்கின.

"எங்க கல்யாணம் காலையில நடக்கும், துவான். வெயில்ல நிறுத்தி நட்சத்திரத்தைக் காட்டுவாங்க. தெரியுதான்னு கேப்பாங்க. தெரியுதுன்னு சொல்லணும். என்ன தெரியும், ஒண்ணும் தெரியாது. இந்த ஆள் காட்டற பக்கம் நான் பார்ப்பேன்னு அதுக்கு அர்த்தம். இந்தப் பேரை இவர் ஐஸ் பெட்டி மூடியிலிருந்து கழட்டினார். என்னன்னு தெரியாமத்தான் சாமின்னு சொல்லிட்டார். அப்புறம் விசாரிச்சோம். சாமி பேருதான்னு வந்துச்சு. இவ்வளவுதான், துவான். இதுக்கு மேல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

யாரிடம் விசாரித்தாள் என்று சொல்லவில்லை. வாத்தியார் அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் வந்திருந்தார், அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

அதிகாரி மறுபடி வானத்தைப் பார்த்தார். பிறகு ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காத்திருக்கலாம்" என்றார்.

காத்திருந்தோம். வேறு வழி? தம்பிராஜாவுக்கு என்ன தோன்றியதோ, உள்ளே போய், மீன் வண்டிக்குப் போனது போக அன்றைக்கு மிஞ்சின ஐஸைச் சீவி, வெல்லப்பாகு ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினான். அதிகாரி வாங்கிக்கொண்டார். தின்னவில்லை, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் ஊர் ஜப்பானுக்கு வடகோடியாம். குளிர்காலத்தில் பனி ஜன்னலை மூடிவிடுமாம், கதவைத் திறக்க மண்வெட்டி வேண்டுமாம். அந்த ஏழு நட்சத்திரம் அங்கே எப்போதும் கூரைக்கு மேலேயே நிற்குமாம்.

"கிட்டத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கிறது என்று சொன்னீர்களே" என்றார். "எங்கள் ஊரிலும் அதைப் பார்ப்பார்கள். ஆயுள் நட்சத்திரம். அது கண்ணுக்குத் தெரியாதவன் அந்த வருஷத்தைத் தாண்ட மாட்டான் என்பார்கள்."

அப்போதுதான் தென்னை ஓலை அசைந்தது. காற்று மேகத்தை ஓரமாகக் கிழித்தது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு. அதிகாரி எழுந்து கையை நீட்டினார். "அதோ."

முதல் தடவையாகத் தெரு முழுக்க ஒரே பக்கம் பார்த்தது. கட்டில் மாதிரி நாலு, வால் மாதிரி மூன்று, வாத்தியார் மண்ணில் போட்ட மாதிரியே. சப்தரிஷி என்ற பெயர் தெரிந்து இத்தனை வருஷம் ஆகியும், அதைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"அபாங், ரெண்டாவது" என்றாள் நாகம்மா. "ஒட்டிக்கிட்டு இருக்கு, பாரு. சின்னதா. நிஜமாவே இருக்கு."

எனக்கும் தெரிந்தது. ஊசி முனை மாதிரி. நிம்மதியாகத் திரும்பினால், அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். போட்டுப் பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். தடித்த கண்ணாடி, நட்சத்திர வெளிச்சத்தில்கூட அதன் ஓரம் மினுங்கியது. மறுபடி போட்டுக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, வெகுநேரம் பார்த்தார். எங்களில் ஒருவரும் அசையவில்லை. தெரியாவிட்டால் என்ன அர்த்தம் என்று அவரே அப்போதுதான் சொல்லியிருந்தார். பயம் எங்கள் பக்கத்திலிருந்து மெல்ல அவர் பக்கம் நகர்ந்து போய்விட்டது போலிருந்தது.

நாகம்மா ஓர் எட்டு முன்னால் வைத்தாள். கல்யாணப் பெண்ணிடம் கேட்கிற குரலில் கேட்டாள். "தெரியுதா, துவான்?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு வானத்தை.

"தெரிகிறது" என்றார்.

எத்தனையோ மணவறை பார்த்தவள் நான். அந்தத் 'தெரிகிறது' எனக்கு நன்றாகத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. அதை என் வாழ்க்கையின் பெரிய காரியமாகவே நான் சொல்லிக்கொள்ளலாம்.

அவர் பையைத் திறந்து தாளை எடுத்தார். பெட்டி மேல் வைத்து, கிட்டத்தட்ட மூக்கு தாளில் படும்படி குனிந்து எழுதினார். வடக்கு ஏழு நட்சத்திரம் என்று அர்த்தமாம். சிவப்பு முத்திரை குத்தினார். ஐஸ் முக்கால்வாசி கரைந்திருந்தது, அதைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் லோரி வந்தது. எங்கள் தெருவில் நின்றபோது நான் வாசலில்தான் இருந்தேன். சிப்பாய் ஒருவன் கடைக்குள் போனான். தம்பிராஜா ஒரு வார்த்தை பேசாமல் தாளை நீட்டினான். நாகம்மா சொல்லிக் கொடுத்தது அது, பேசாமல் நீட்டு என்று. சிப்பாய் முத்திரையைப் பார்த்தான், பலகையில் புதிதாக எழுதியிருந்த எழுத்தைப் பார்த்தான், வெளியே வந்தான். லோரி நகர்ந்து, கோயில் பக்கம் திரும்பி, சத்தம் தேயும்வரை எங்கள் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

அப்புறம் நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரே போனேன். ஐஸ் வாங்கத்தான். அவன் மரத்தூளை உதறிக் கட்டியை எடுத்துக்கொண்டிருந்தான். அவள் பித்தளை எழுத்துகளைப் புளி போட்டுத் தேய்த்து, பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அபாங், அன்னைக்கு நீ பார்த்தியா இல்லையா? நீ சொல்லவே இல்லையே."

"இல்ல" என்றான்.

"ஏன்?"

"பயத்துல கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்."

அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "இன்னிக்குப் பொழுது சாய்ஞ்சதும் காட்டறேன், வா."

"மேகமா இருந்தா?"

"நாளைக்குப் பார்க்கலாம்."

நாளைக்கு என்ற வார்த்தையை அந்த வருஷத்தில் எங்கள் தெருவில் ஒருவர் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று, வாங்கின ஐஸ் கையில் கரையக் கரைய அங்கேயே நின்றேன்.